ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி வேலையை எழுதுங்க: சின்ன கடை, ஆபீஸ் நடத்துறவங்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்துல சின்னதா ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் நடத்துறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), மாச சம்பள கணக்கு, இதான் நம்ம வேலை. கிளையண்ட்ல பாதி பேரு கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம், மீதி பேரு பாண்டிச்சேரில முத்தியால்பேட்டை, வில்லியனூர், அரியாங்குப்பம் இப்படி. சம்பள ரெஜிஸ்டர் நம்ம கையில ஓடுறதால எந்த கடையில ஆளுங்க வருஷக்கணக்குல நிக்குறாங்க, எந்த கடையில மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேரு மாறிக்கிட்டே இருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். பேரு மாறிக்கிட்டே இருக்குற கடை ஓனர்ங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "இந்த காலத்து பசங்க சரியில்ல சார், நிக்க மாட்றாங்க". சில இடத்துல அது உண்மையாவே இருக்கலாம். ஆனா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலான இடத்துல தப்பு ஆள் உள்ள வர்றதுக்கு முன்னாடியே நடந்துடுது. என்ன வேலைக்கு எடுக்குறோம்னு ஓனருக்கே தெளிவா தெரியாம எடுத்துடுறாங்க, மத்த தப்பெல்லாம் அதுலேர்ந்துதான் கிளை விடுது.

முதல் தடவையா ஒரு ஆளை வேலைக்கு வெக்கப் போறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பெரிய கம்பெனில ஹெச்ஆர்னு தனி டிபார்ட்மெண்டே இருக்கும், நமக்கு கல்லாவுல உக்காந்திருக்குறவர்தான் ஹெச்ஆர், சரக்கு இறக்குறவரும் அவர்தான்.

திருப்பாதிரிப்புலியூர்ல ஹார்டுவேர் கடை வெச்சிருக்குற ஒரு அண்ணன் என் கிளையண்ட். ஒரே வருஷத்துல நாலு பசங்க வந்து போயிட்டாங்க. அஞ்சாவதா ஆள் தேடும்போது என்கிட்ட சொல்லி வெச்சாரு, "தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா அனுப்புப்பா, நல்ல பையனா இருக்கணும், அவ்ளோதான்". நான் கேட்டேன், அண்ணே நல்ல பையன்னா என்ன செய்யணும் அவன்? "என்னப்பா இது, கடையை பாத்துக்கணும்". சரின்னு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் கடையிலயே ஒரு ஸ்டூலை போட்டு உக்காந்து, காலையில ஷட்டரை தூக்குறதுலேர்ந்து ராத்திரி இறக்குற வரைக்கும் அந்த பையன் என்னென்ன செய்றான்னு ஒரு பழைய டைரியோட பின்பக்கத்துல எழுதுனோம். 20 அடி பைப்பை மாடியிலேர்ந்து இறக்கணும். சிமெண்ட் மூட்டை ஏத்தணும். கொத்தனார் வந்து முக்கா இஞ்ச் எல்போ, அரை இஞ்ச் டீ (ரெண்டும் பைப்பை இணைக்குற துண்டுங்க), பைப் ஒட்டுற சொல்யூஷன் ஒரு டப்பான்னு கடகடன்னு சொல்வாரு, அதை தப்பில்லாம எடுத்து வெக்கணும். கம்ப்யூட்டர்ல பில் போடணும். கடன் நோட்டு எழுதணும். திங்கக்கிழமை ஆனா பாக்கி வசூலுக்கு வண்டி எடுத்துட்டு போவணும். எழுதி முடிச்சிட்டு பாத்தா அது ரெண்டு ஆள் வேலை. மூட்டை தூக்குற உடம்பு இருக்குற பையனுக்கு பில்லிங் வரல, பில்லிங் தெரிஞ்ச பையனால ரெண்டாவது வாரமே முதுகு வலி தாங்க முடியல, நாலு பேரும் போனதுக்கு காரணம் அந்த டைரி பக்கத்துலயே இருந்துச்சு. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் லோடு வேலைக்கு பக்கத்துல இருக்குற ஆளை நாள் கூலிக்கு வெச்சிக்கிட்டு, பில்லிங்குக்கும் கடன் நோட்டுக்கும் மட்டும் ஒரு பொண்ணை எடுத்தாரு.

அதனால முதல் வேலை இதான். ஒரு பேப்பரை எடுத்து, நீங்க எடுக்கப் போற ஆளோட ஒரு நாளை மணி வாரியா எழுதுங்க. "சுறுசுறுப்பானவர்", "பொறுப்பானவர்"னு எல்லாம் எழுதாதீங்க, அதை வெச்சிக்கிட்டு யாரையும் அளக்க முடியாது. கையால என்ன செய்யணும், யார்கிட்ட பேசணும், எந்த மெஷினை தொடணும், எவ்ளோ பணம் கையில புழங்கும், மாசத்துல எந்த தேதி டென்ஷனா இருக்கும், இதை எழுதுங்க. எழுதுனதுக்கு அப்புறம் ரெண்டா பிரிங்க, வரும்போதே தெரிஞ்சிருக்க வேண்டியது எது, வந்தப்புறம் நாம சொல்லிக் கொடுத்துக்கலாம்ங்கிறது எது. எல்போவுக்கும் டீக்கும் வித்தியாசம் ஒரு வாரத்துல சொல்லிக் கொடுத்துடலாம். கூட்டல் கழித்தல் தெரியாத ஆளுக்கு கல்லாவுல உக்காரவெச்சி அதை சொல்லிக் கொடுக்க முடியாது. இந்த பிரிவை சரியா பண்ணீங்கன்னா "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கணும்"னு சும்மா போட்டு நல்ல ஃப்ரெஷர் பசங்களை வெளியவே நிறுத்துற தப்பும் போயிடும்.

அடுத்தது போர்டு. பாண்டிச்சேரி அண்ணா சாலைல ஒரு நடை நடந்தா பத்து கடையில தொங்கும், "ஆட்கள் தேவை, நல்ல சம்பளம், நேரில் வரவும்". நல்ல சம்பளம்னா எவ்ளோ? எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்கு விடுவீங்க, எந்த நாள் லீவு? இதெல்லாம் போடாததால வேலைக்கு ஒத்து வராத இருபது பேரு வந்து உங்க நேரத்தையும் அவங்க பஸ் காசையும் செலவு பண்ணிட்டு போறாங்க. வாட்ஸ்அப்ல அனுப்புற மெசேஜா இருந்தாலும் சரி, வாசல்ல மாட்ற அட்டையா இருந்தாலும் சரி, வேலை என்ன, இடம் எங்க, நேரம் என்ன, லீவு எந்த நாள், சம்பளம் எவ்ளோ, இந்த அஞ்சும் இருக்கட்டும். சம்பளத்தை வெளிய போட்டா பக்கத்து கடைக்காரன் பாத்துடுவான்னு ஓனர்ங்க பயப்படுறாங்க, பக்கத்து கடைக்காரனுக்கு அது ஏற்கனவே தெரியும், உங்க ஆளுங்களும் அவரு ஆளுங்களும் ஒரே டீக்கடையிலதான் நிக்குறாங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, லாஸ்ட் பஸ். கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல தினமும் எத்தனையோ பேரு வேலைக்கு போயிட்டு வர்றாங்க, கன்னியக்கோயில் தாண்டுனா ஸ்டேட் மாறுது, ஆனா பொழப்பு ஒண்ணுதான். பாண்டியில ராத்திரி ஒன்பதரைக்கு மூடுற ஓட்டலுக்கு பண்ருட்டி பக்கத்து கிராமத்துலேர்ந்து ஒரு பொண்ணை எடுத்தீங்கன்னா, அந்த பொண்ணு பஸ் ஸ்டாண்டு வந்து, கடலூர்ல இறங்கி, அங்கேர்ந்து இன்னொரு பஸ் புடிச்சி எத்தனை மணிக்கு வீட்டுக்கு போவும்? இதை இன்டர்வியூவுலயே கேக்கணும், "வந்துடுவேன் சார்"னு சொன்னா விட்டுடாதீங்க, எந்த பஸ்சு, எத்தனை மணிக்கு, அது தப்பிட்டா என்ன வழின்னு கூட உக்காந்து கணக்கு போடுங்க. ஒத்துவரலன்னா நேரத்தை மாத்தி கொடுக்க முடியுமான்னு பாருங்க. பாண்டியில இன்னொண்ணு, டூரிஸ்ட் கூட்டம் எல்லாம் சனி ஞாயிறுதான், ஓட்டலும் கெஸ்ட் ஹவுஸும் அந்த ரெண்டு நாள்லதான் சம்பாதிக்குது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போகணும்னு நினைக்குற ஆளு, ஞாயிறுதான் புள்ளைங்களோட இருக்குற நாள்னு நினைக்குற அம்மா, இவங்ககிட்ட முன்னாடியே சொல்லாம எடுத்துட்டு மூணாவது வாரம் லீவு கேக்கும்போது கோவப்படுறது எந்த விதத்துல நியாயம்?

இப்ப இன்டர்வியூ. இங்கதான் நானே பெருசா ஒரு தப்பு பண்ணேன், அதை அப்படியே சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி ஆபீஸுக்கு ஒரு அசிஸ்டெண்ட் எடுத்தேன். பையன் நல்லா பேசுனான், அயர்ன் பண்ண சட்டை, பி.காம், நாலு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ். டேலி (கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) தெரியுமான்னு கேட்டேன், தெரியும் சார்னான், அவ்ளோதான் இன்டர்வியூ, பத்து நிமிஷத்துல முடிஞ்சிது, மறுநாளே வரசொல்லிட்டேன். மாசாமாசம் 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை கணக்கு), 15ம் தேதி பிஎஃப் இஎஸ்ஐ, 20ம் தேதி 3பி (வரி கட்டுற ரிட்டர்ன்), எங்க வாழ்க்கை இந்த மூணு தேதியிலதான் ஓடுது. அந்த மாசம் 18ம் தேதி ராத்திரி ஒரு கிளையண்டோட பர்ச்சேஸை ஜிஎஸ்டி போர்ட்டல்ல வர்றதோட ஒப்பிட்டு பாக்குறேன், எதுவும் ஒத்து வரல. என்னன்னு பாத்தா பாண்டிச்சேரி சப்ளையர் பில் எல்லாத்தையும் தமிழ்நாட்டு பில் மாதிரியே சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு) எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு)ன்னு பாதி பாதியா பிரிச்சி போட்டிருக்கான். கடலூர்லேர்ந்து பாண்டி பஸ்ல ஒரு மணி நேரம்தான், ஆனா ஜிஎஸ்டிக்கு அது வேற பிரதேசம், அங்கேர்ந்து இங்க சரக்கு அனுப்புனா ஐஜிஎஸ்டி, அதாவது பிரிக்காம ஒரே வரியா போடணும். ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு எழுத்தை பாத்தாலே தெரியும், தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்து எல்லாத்தையும் மாத்துனேன். அந்த பையன் பொய் ஒண்ணும் சொல்லல, இதை நான் திரும்ப திரும்ப நினைச்சி பாத்திருக்கேன். அவன் முன்னாடி வேலை பாத்த இடத்துல நாலு வருஷமும் லோக்கல் சேல்ஸ் பில் மட்டும்தான் போட்டிருக்கான், அவனுக்கு டேலி தெரியும்தான். நான்தான் கேக்க வேண்டியதை கேக்கல.

அதுக்கு அப்புறம் வர்ற யாரா இருந்தாலும் மூணு பில்லை கையில கொடுத்துடுவேன். ஒண்ணு மஞ்சக்குப்பம் ஸ்டேஷனரி கடை பில், 33ல ஆரம்பிக்கும். ஒண்ணு பாண்டி பேப்பர் ஹோல்சேல் கடை பில், 34ல ஆரம்பிக்கும். மூணாவது கையால எழுதுன பில்லு, அதுல அயிட்டம் எல்லாம் கூட்டுனா 5,460 வரும், ஆனா கீழ டோட்டல்ல 5,640ன்னு இருக்கும். இதை என்ட்ரி போடுங்கன்னு சொல்லிட்டு நான் என் வேலையை பாப்பேன். அரை மணி நேரம், ஒரு டீ. போன மாசம் வந்த பொண்ணு மூணாவது பில்லை ரெண்டு தடவை கால்குலேட்டர்ல தட்டி பாத்துட்டு எந்திரிச்சி வந்து, "சார், இதுல 180 ரூபா இடிக்குது, கடைக்காரங்ககிட்ட கேட்டுட்டு போடட்டுமா"ன்னு கேட்டுச்சி. பாண்டி பில்லை ஐஜிஎஸ்டின்னு போட அந்த பொண்ணுக்கு தெரியல, தப்பாதான் போட்டிருந்துச்சு. ஆனா நான் அந்த பொண்ணைத்தான் எடுத்தேன். 34ன்னா என்னன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் கொடுத்துடலாம், இடிக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்தி கேக்குற குணத்தை என்னால சொல்லிக் கொடுக்க முடியாது.

இதுக்கு பேரு வேலை மாதிரி சோதனை. வேலையில ஒரு சின்ன துண்டை வெட்டி எடுத்து, வந்தவங்ககிட்ட கொடுத்து செய்ய சொல்லி பாக்குறது. அமெரிக்காவுல ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1998ல, 85 வருஷமா ஆள் தேர்வு பத்தி நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் ஒண்ணா சேத்து அலசி பாத்தாங்க. வேலையை செய்ய வெச்சி பாக்குறதும், எல்லாருக்கும் ஒரே மாதிரி கேள்வி வெச்சி நடத்துற இன்டர்வியூவும் மேல வந்துச்சு. எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ், எத்தனை வருஷம் படிச்சாங்கங்கிறது ரொம்ப கீழ போயிடுச்சு, கையெழுத்தை வெச்சி குணம் சொல்றது கிட்டத்தட்ட பூஜ்யம். 2022ல பால் சாக்கெட்னு இன்னொருத்தர் அவரோட குழுவோட சேந்து அந்த கணக்கை திருப்பி போட்டாரு, நிறைய எண்ணு குறைஞ்சிது, ஆனா ஒரே மாதிரி கேள்வி வெச்ச இன்டர்வியூ முதல் இடத்துக்கு வந்துச்சு. நாம என்னடான்னா எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருஷம்ங்கிறதைத்தான் முதல் கேள்வியா கேக்குறோம்.

பேக்கரியா இருந்தா அரை கிலோ மிக்சர் எடை போட்டு கட்ட சொல்லுங்க. துணிக்கடைன்னா ஒரு கஸ்டமர் மாதிரி நீங்களே போய் நின்னு நாலு புடவையை பிரிச்சி காட்ட சொல்லி, "வாணாம், வேற காட்டு"ன்னு ரெண்டு தடவை சொல்லி பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு தெரிஞ்சிடும். ஆனா சோதனைங்கிற பேர்ல ரெண்டு நாள் மூணு நாள் சும்மா வேலை வாங்காதீங்க, அது திருட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல போனா அந்த நாளோட கூலியை கையில கொடுத்து அனுப்புங்க, எடுத்தாலும் சரி, எடுக்கலன்னாலும் சரி.

ஒரே மாதிரி கேள்வின்னா என்னன்னும் சொல்லிடுறேன். வர்ற அஞ்சு பேருக்கும் அதே ஆறு கேள்வி, அதே வரிசையில, பதிலை அப்பப்பவே பேப்பர்ல குறிச்சிக்கணும். "உங்க பலம் என்ன பலவீனம் என்ன"ன்னு கேட்டா எல்லாரும் மனப்பாடம் பண்ணதை ஒப்பிப்பாங்க. நடந்ததை கேளுங்க. "கஸ்டமர் கத்துன ஒரு நாளை சொல்லுங்க, நீங்க என்ன பண்ணீங்க?" "கல்லாவுல பணம் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க, அப்படி எப்பவாவது நடந்திருக்கா?" நடந்ததை சொல்லும்போது ஆளு கொஞ்சம் யோசிப்பாங்க, தேதி, இடம், யாரு என்ன சொன்னாங்கன்னு வரும், கட்டி சொல்றதா இருந்தா அதெல்லாம் வராது. வீட்டுலேயே இருந்துட்டு முதல் தடவையா வேலைக்கு வர்ற அக்காவா இருந்தா, வீட்டு கல்யாணத்துல கணக்கு பாத்ததை கேளுங்க, மகளிர் குழுவுல பணம் கட்டுனதை கேளுங்க, அதுவும் அனுபவம்தான்.

சட்டையை பாத்து ஏமாந்தேன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு பேரு இருக்கு. எட்வர்ட் தார்ன்டைக்ங்கிற மனவியல் அறிஞர் 1920லயே ராணுவ அதிகாரிங்க தங்களுக்கு கீழ இருக்குறவங்களுக்கு போட்ட மார்க்கை பாத்து இதை கண்டுபுடிச்சாரு, ஒரு விஷயத்துல நல்ல மார்க் போட்டவங்களுக்கு சம்பந்தமே இல்லாத மத்த விஷயத்துலயும் நல்ல மார்க் போட்டிருந்தாங்க. ஹேலோ எஃபெக்ட்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல இது இங்கிலீஷ்ல நல்லா வேலை செய்யுது. இங்கிலீஷ் சரளமா பேசுனா புத்திசாலின்னு முடிவு பண்ணிடுறோம், பாண்டியில வெள்ளைக்கார கஸ்டமர் வர்ற கடைக்கு இங்கிலீஷ் தேவைதான், ஆனா குடோன்ல ஸ்டாக் எண்ணுறவருக்கு எதுக்கு?

இதை விட மோசமான ஒண்ணு இருக்கு, சொல்லாம போக மனசு வரல. "எந்த ஊரு?"ன்னு கேட்டுட்டு "அங்க எந்த தெரு?"ன்னு கேக்குறது. கேக்குறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும் அது எதுக்குன்னு. பிளஸ் டூல நல்ல மார்க் எடுத்து, டிகிரி முடிச்சி, கம்ப்யூட்டர் கிளாஸும் போயிட்டு வர்ற புள்ள அந்த ஒரு கேள்வில வாயடைச்சி போயிடுது. எங்க ஆபீஸ்ல அந்த கேள்வி கிடையாது, என் கிளையண்ட் கேட்டாலும் கேக்காதீங்கன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவேன். அதே மாதிரி பொண்ணுங்ககிட்ட கல்யாணம் எப்போ, குழந்தை எப்போங்கிற கேள்வியும். பத்து பேரு அதுக்கு மேல வேலை செய்ற கடை, கம்பெனில பிரசவ லீவு 26 வாரம் சம்பளத்தோட கொடுக்கணும்னு 2017லேர்ந்து இருக்கு, முதல் ரெண்டு குழந்தைக்கு. அதுக்கு பயந்து பொண்ணுங்களே வேணாம்னு சொல்ற ஓனருங்ககிட்ட நான் ரெஜிஸ்டரை திறந்து காட்டுவேன், அஞ்சு வருஷம் தாண்டி நிக்குறவங்க பேரு பாருங்கன்னு, அதுல பொண்ணுங்கதான் அதிகம்.

விசாரிக்குறது. சொந்தக்காரர் சொன்னாரு, கோயில்ல பாக்குறவரு சொன்னாருன்னு எடுக்குறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம், தப்புன்னு சொல்ல மாட்டேன், நல்ல ஆளுங்க அப்படியும் வருவாங்க. ஆனா சிபாரிசு வந்ததாலேயே சோதனையை விட்டுடாதீங்க, ஏன்னா அப்படி வந்தவங்க சரியில்லன்னா வெளிய அனுப்பவும் முடியாது, மாமா கோச்சிப்பாருன்னு வருஷக்கணக்குல இழுப்பீங்க. முன்னாடி வேலை பாத்த இடத்துக்கு ஒரு போன் போடுங்க, ஆளோட சம்மதத்தை கேட்டுட்டு போடுங்க, இப்ப வேலை பாத்துட்டு இருக்குற இடத்துக்கு கேக்காம போன் பண்ணி அந்த வேலைக்கும் உலை வெச்சிடாதீங்க. "ஆள் எப்படி?"ன்னு கேட்டா "நல்ல பையன்தான்"னு சொல்லிட்டு வெச்சிடுவாங்க. "நாளைக்கு உங்ககிட்ட திரும்ப வந்தா எடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. பதில் வர்றதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் எடுத்துக்குறாங்கன்னு கவனிங்க, அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

இப்ப சம்பளம், என் ஏரியா. "போகப் போக பாத்துக்கலாம்"னு சொல்லி எடுக்குற இடத்துலதான் ஆறாவது மாசம் சண்டை வருது. 15,000 சம்பளம்னு சொல்றீங்க. வர்றவங்க மனசுல கையில 15,000 வரும்னு இருக்கு. பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும் இருக்குற இடமா இருந்து, 15,000 முழுசும் அடிப்படை சம்பளம்னு வெச்சிக்கிட்டா, பிஎஃப் 12 சதவீதம் 1,800, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 113, போக கையில 13,087. ஓனர் மனசுல செலவு 15,000ன்னு இருக்கு. அவர் பக்கத்துலேர்ந்து பிஎஃப், இன்சூரன்ஸ், நிர்வாக கட்டணம் சேத்து 13 சதவீதம் 1,950, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 488, ஆக மொத்தம் 17,438. ஒருத்தர் 15,000 எதிர்பாத்து 13,087 வாங்குறாரு, ஒருத்தர் 15,000 எதிர்பாத்து 17,438 கட்றாரு, ரெண்டு பேரும் ஏமாந்த மாதிரி நினைக்குறாங்க. முதல் நாளே ஒரு துண்டு பேப்பர்ல இந்த கணக்கை எழுதி காட்டிடுங்க, கையில எவ்ளோ, பிஎஃப்ல எவ்ளோ சேருது, அது அவங்க காசுதான்னு சொல்லுங்க. 20 பேருக்கு பிஎஃப், 10 பேருக்கு இஎஸ்ஐன்னு பொதுவான வரம்பு, பக்கத்துல வந்துட்டீங்கன்னா ஆள் எடுக்குறதுக்கு முன்னாடியே உங்க ஆடிட்டரை கேட்டுடுங்க. குறைந்தபட்ச கூலி கடலூருக்கு தமிழ்நாடு அரசாங்கம் போடுறது, பாண்டிக்கு புதுச்சேரி அரசாங்கம் போடுறது, ரெண்டு பக்கமும் கடை இருந்தா ஒரே அட்டவணையை வெச்சி ரெண்டுக்கும் சம்பளம் போட்டுடாதீங்க.

ஓட்டல்காரங்களுக்கு தனியா சொல்லணும், அட்வான்ஸ். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் எல்லாம் அட்வான்ஸ் இல்லாம வர்றது கஷ்டம், 20,000, 30,000ன்னு கேப்பாங்க, அவசரத்துக்கு கொடுத்துட்டு ஒரு வாரத்துல ஆள் போன் எடுக்க மாட்டார். முத்தியால்பேட்டையில ஒரு கிளையண்டுக்கு தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி இப்படி ஆச்சு, ஆயுத பூஜைக்கே ஆள் தேடி இருந்தா அந்த அவசரமே வந்திருக்காது. கொடுத்தா சின்னதா கொடுங்க, எழுதி கையெழுத்து வாங்குங்க, மாசம் எவ்ளோ கழிப்பீங்கன்னு அதுலயே போடுங்க. அதே நேரத்துல அட்வான்ஸை காட்டி ஆளை வெளிய போகவிடாம வெக்குறது கொத்தடிமை, 1976லயே அதை ஒழிக்க சட்டம் வந்துடுச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவுல பூட்டி வெக்குற பழக்கமும் அந்த மாதிரிதான், பாத்துட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு ஒரிஜினலை அப்பவே கையில கொடுத்துடுங்க. பூட்டி வெச்சா நிக்குறது சர்டிபிகேட்தான், மனசு எப்பவோ வேற கடைக்கு போயிடும்.

வயசுக்கு பிறப்பு சர்டிபிகேட், இல்ல ஸ்கூல் சர்டிபிகேட்டை பாருங்க. 14 வயசுக்கு கீழ எந்த வேலையிலயும் வெக்கக்கூடாது, 14லேர்ந்து 18க்குள்ள ஆபத்தான வேலையில வெக்கக்கூடாது.

முடிவு பண்ணிட்டா ஒரு பக்கத்துல லெட்டர் கொடுங்க. வேலை என்ன, சேர்ற தேதி, சம்பளம், நேரம், லீவு, எத்தனை மாசம் பழகுற காலம், போறதா இருந்தா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், அவ்ளோதான், தமிழ்லயே எழுதலாம். 2025 நவம்பர் 21லேர்ந்து அமலுக்கு வந்த புது லேபர் கோடுங்க படி எல்லா தொழிலாளருக்கும் அப்பாயிண்ட்மெண்ட் லெட்டர் கொடுத்தாகணும். சட்டத்தை விடுங்க, அந்த லெட்டர் ஒரு பொண்ணுக்கு பேங்க்ல லோன் கேக்க உதவும், வீட்டுல மரியாதையா ஒரு இடம் கிடைக்கும்.

வந்தாச்சு, எடுத்தாச்சு. முதல் வாரத்தை ஓனர்ங்க கண்டுக்குறதே இல்ல. புதுசா வந்த பொண்ணு டாய்லெட் எங்கன்னு கேக்க கூச்சப்பட்டு சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம நின்ன கதை எங்க கிளையண்ட் துணிக்கடையிலயே நடந்திருக்கு. முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சாப்பிடுற இடம், டாய்லெட், பை வெக்குற இடம், யார்கிட்ட சந்தேகம் கேக்கணும், சம்பளம் எந்த தேதி, இதை கூட நடந்து காட்டுங்க. உக்கார ஒரு ஸ்டூல் போடுங்க, தமிழ்நாட்டுல 2021லேர்ந்து கடை ஊழியர்களுக்கு உக்கார வசதி பண்ணி கொடுக்கணும்னு சட்டத்துலயே சேத்துட்டாங்க, கூட்டம் இல்லாத நேரத்துல அவங்க உக்காந்தா உங்களுக்கு ஒண்ணும் குறையாது. ஏழாவது நாள் டீ வாங்கி கொடுத்து, "நான் சொன்ன வேலையும் நீங்க செய்ற வேலையும் ஒண்ணா இருக்கா?"ன்னு கேளுங்க. ஹார்டுவேர் கடை அண்ணன் கேட்டப்போ அந்த பில்லிங் பொண்ணு, "அண்ணே, கடன் நோட்டுல பாதி பேருக்கு பேரே இல்ல, செவப்பு வண்டி, தாடி மேஸ்திரின்னு இருக்கு, எனக்கு யாருன்னே தெரியல"ன்னு சொல்லிச்சாம். அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் உக்காந்து 60 பேருக்கு பேரும் போன் நம்பரும் எழுதி முடிச்சிருக்காங்க.

கடைசியா, நீங்க எடுக்காதவங்க. அஞ்சு பேரு வந்தா நாலு பேரு இன்னும் போனை பாத்துக்கிட்டே இருப்பாங்க, "சொல்றோம்"னு சொல்லி அனுப்பிட்டோம்ல. அந்த நம்பிக்கையில வேற வேலைக்கு ஒத்துக்காம இருக்குறவங்களும் இருக்காங்க, நானே வேலை தேடுன காலத்துல ஒரு இடத்துக்காக மூணு வாரம் காத்திருந்திருக்கேன். அதனால நான் முடிவு பண்ண அன்னைக்கே ஒரு மெசேஜ் போட்டுடுவேன், வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க: "வணக்கம். நேத்து வந்ததுக்கு நன்றி. இந்த வேலைக்கு வேற ஒருத்தரை எடுத்துட்டோம், நீங்க வேற இடம் பாருங்க, எங்களுக்காக காத்திருக்க வேணாம். உங்க பில் என்ட்ரி நல்லா இருந்துச்சு, பேங்க் கணக்கு ஒப்பிட்டு பாக்குறது மட்டும் கொஞ்சம் பழகிக்கோங்க. சந்தேகம்னா போன் பண்ணுங்க."